கொசுறு யாருக்கு?

சில மாதங்களுக்கு முன் தருமபுரியில் ஒரு இலக்கியக் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருப்போம். நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். நல்ல எழுத்தாளர்தான், நம் மீது அக்கறை உள்ளவர்தான். தன் சின்ன வயதில் ஊரில் இருந்த மளிகைக்கடையைப் பற்றிய கட்டுரை அது. கடைக்காரர் 'வா கண்ணு' என்று கூப்பிடுவார். அம்மா சொல்லி அனுப்பிய சாமானை மறந்துவிட்டால் அவரே நினைவுபடுத்துவார். காசு குறைந்தால் 'அப்புறம் குடு' என்பார். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கொசுறாக ஒரு பிடி பொட்டுக்கடலையோ ஒரு துண்டு வெல்லமோ உள்ளங்கையில் வைப்பார். இப்போதெல்லாம் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, செல்போனில் தட்டினால் சாமான் வீட்டுக்கே வருகிறது, முகம் பார்த்து யாவாரம் பண்ண ஆளில்லை, மனிதநேயம் செத்துப்போச்சு என்று முடித்தார். பலத்த கைதட்டல். என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கை தட்ட வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டுரையில் பொய் ஏதுமில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் 'நம்ம ஊரு கடை', 'நம்ம கடைக்காரர்' என்று வரிக்கு வரி வந்ததே, அந்த 'நம்ம'தான் உறுத்தியது. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவனை விட்டுவிட்டால் நாங்கள். நண்பர் என்னையும் சேர்த்துக்கொண்டார், என்னைக் கேட்காமலே. அந்தக் கடை அவருக்கு 'எங்க கடை'. அப்படி எழுதியிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

இனி என் கடை.

அரூர்ப் பக்கம் ஒரு கிராமம். எழுபதுகளின் கடைசி. ஊரில் ஒரே ஒரு கடை. சேரியில் கடை கிடையாது. கடைக்கு முன்னால் பலகை போட்ட திண்ணை, திண்ணைக்குக் கீழே உப்பு மூட்டை. அந்த உப்பு மூட்டைதான் எங்க எல்லை. அதத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதுன்னு யாரும் எழுதிப் போடல. எங்க ஆயாவுக்குத் தெரியும், எங்கம்மாவுக்குத் தெரியும், அஞ்சு வயசுல எனக்கும் தெரியும். ஆயா மடியில் கொட்டமுத்தைக் கட்டிக்கொண்டு போய் 'சாமி, சாமி' என்று ரெண்டு தரம் கூப்பிட்டுவிட்டு நிற்கும். பின்னால் வந்த ஊர்ப் பொம்பளைகள் முன்னால் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களோடு கடைக்காரர் பேசுகிற பேச்சு எங்களுக்கு நன்றாகக் கேட்கும். 'வாக்கா, மாமனுக்குக் காச்சல் தேவலையா?', 'சின்னவனுக்குப் பொண்ணு பாத்தாச்சா?' இனிமையான மனுசன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே இனிமையான மனுசன். அந்த இனிமை பூராவும் எங்க தலைக்கு மேல பறந்து போகும்.

எங்க முறை வந்தால் முதலில் காசைப் பலகையில் வைக்க வேண்டும். ஆயா காலத்தில் தண்ணி தெளித்து எடுப்பார்களாம். நான் பார்த்தது பலகை மட்டும்தான். பொட்டலம் மேலேயிருந்து விழும், ஆயா முந்தானையை விரித்துப் பிடிக்கும். எண்ணெய் என்றால் புட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அளவுக் கரண்டி புட்டியின் வாயில் படாமல் மேலே தூக்கிப் பிடித்து நூல் மாதிரி ஊற்றுவார். ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கைத்திறமையை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கடையில் அவருடைய மகன் இருந்தால் ஆயாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவனுக்கு என் வயசு. ஆயாவுக்கு அறுபதுக்கு மேல்.

கொசுறு கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஒரு தடவை கிடைத்தது. ஏதோ சந்தோசத்தில் இருந்தார்போல, ஒரு துண்டு வெல்லத்தை என் பக்கம் போட்டார். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்தது. எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் ஆயா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டது. ஏன் அடித்தது என்று அப்போது புரியவில்லை. வெல்லம் இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு பொருளின் ருசியை மட்டும் பார்க்காதே, அது எப்படி வந்தது என்று பார் என்று எனக்குச் சொன்ன முதல் விமர்சனப் பாடம் அந்த அறைதான்.

'அப்புறம் குடு' என்ற சொல்லையும் பாருங்கள். நண்பர் வீட்டுக்கு அது நம்பிக்கை. எங்களுக்கும் அதே சொல்லைத்தான் அதே வாய் சொன்னது. ஆனால் அதற்கு அர்த்தம், 'அப்புறம் களத்துக்கு வா.' கடைக்காரருக்குப் புளியமரம் குத்தகை உண்டு. பருவத்தில் எங்கம்மா உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கும். கூலி கடன் நோட்டில் கழியும். எவ்வளவு கழிந்தது என்று நோட்டுக்குத்தான் தெரியும், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரே சொல் ஒரு தெருவில் அன்பாகவும் அடுத்த தெருவில் கட்டாயமாகவும் இருக்கிறது. இதைப் பார்க்காத இலக்கியத்துக்குச் சொல் தெரியும், தெரு தெரியாது.

கொசுறு என்பது விலைக்கு வெளியே நிற்பது. கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அதனால்தான் அது அன்பாகத் தெரிகிறது. ஆனால் யாவாரி கொசுறை யாருக்குக் கொடுப்பார்? நாளைக்கும் வர வேண்டியவருக்கு, வராவிட்டால் சந்தைக்கோ பக்கத்து ஊர்க் கடைக்கோ போய்விடக்கூடியவருக்கு. போக வேறு கடை இல்லாதவருக்குக் கொசுறு எதற்கு? நாங்கள் எப்படியும் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர்கள்.

தமிழில் மளிகைக்கடை நினைவு என்பது தனி இலக்கிய வகை மாதிரியே ஆகிவிட்டது. வாரப் பத்திரிகைகளில், சிறுகதைகளில், சினிமாவில் வந்துகொண்டே இருக்கிறது. அதில் வருகிற சிறுவன் கடைக்குள் ஓடிவிடுகிறான். மிட்டாய்ப் பாட்டிலைத் தொடுகிறான். எந்தக் கதையிலும் அவன் எங்கே நிற்க வேண்டும் என்று கதாசிரியர் யோசிப்பதில்லை. கடவுளையே கிண்டல் செய்யத் துணிந்த புதுமைப்பித்தன்கூட இதற்கு விலக்கில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வருகிற கடவுள் காப்பிக் கிளப்புக்குள் போகிறார், காப்பி குடிக்கிறார். பணத்தில்தான் சிக்கல் வருகிறதே தவிர நுழைவதில் சிக்கல் இல்லை. இருக்காது. கூட்டிக்கொண்டு போனவர் கந்தசாமிப் பிள்ளை. கடவுள் எங்க சேரிப் பக்கம் இறங்கி எங்க தாத்தாவோடு வந்திருந்தால் கதை வாசலிலேயே முடிந்திருக்கும்.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. அதில் எல்லோரும் எடுத்துப் பேசுகிற ஒரு காட்சி உண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். தெருவில் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கிற நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியவர் குனிந்து அதை நாயக்கரிடம் கொடுக்கிறார். அவர் பிரித்து வடையைத் தின்கிறார். வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தால் அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் நூலைப் பிடித்தார் என்று விளக்குகிறார்.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரியவரின் குனிந்த முதுகைப் பேசுவார்கள், நாயக்கரைப் பேசுவார்கள், சிறுமியின் சிரிப்பு நின்றுபோனதைப் பேசுவார்கள். நான் அந்த நூலைப் பேச விரும்புகிறேன். மளிகைக்கடையிலும் பலகாரக்கடையிலும் நூல்கண்டு மேலே தொங்கும். கடைக்காரர் இழுத்து, நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வெடுக்கென்று அறுப்பார். வாங்குகிறவர் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று செய்கிற உதவி அது. கடைக்காரரின் அன்றாட அன்பை எழுத நினைக்கிறவர் முதலில் அந்த முடிச்சைத்தான் எழுத வேண்டும். அந்த முடிச்சு தெருவுக்கு வந்ததும் என்ன வேலை செய்கிறது? ஒரு முதியவரின் விரலுக்கும் வடைக்கும் நடுவில் ஒரு சாண் தூரத்தை உண்டாக்குகிறது. கடைக்காரர் சாதிக்காக முடிச்சுப் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எல்லோருக்கும்தான் போட்டார். பொதுவான ஒரு உதவியைக்கூடச் சாதி தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதுதான் செய்தி. கட்டிக் கொடுத்த கடையைப் பாமா காட்டவில்லை, நூலைக் காட்டினார். எனக்கு அதுவே போதும். ஒரு சாண் நூலுக்குள் ஒரு ஊரே தொங்குகிறது.

இன்னொரு பிரதியையும் வாசிக்க வேண்டும். அது சட்டம். நம் இலக்கிய விமர்சகர்கள் சட்டத்தை வாசிப்பதில்லை. தலித்துக்கு அதை வாசிக்காமல் முடியாது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, யாரையும் கடைக்குள் போக விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்றால் எதுவரை என்ற கேள்வி எழுந்தது. சேவை தருகிற இடங்களும் அடங்கும்படியான விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் வைக்கப்பட்டிருக்கிறது என்று அம்பேத்கர் விளக்கினார். அவருக்குக் கடை சின்ன விசயமாகப் படவில்லை.

பிறகு 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-ல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 6-ஆவது பிரிவை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு விற்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளின்படி பொருளை விற்க மறுத்தால் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு ரூபாய் முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். அதே நேரம், அதே இடம். எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். எங்க ஆயா உப்பு மூட்டைகிட்ட நின்ன ஒவ்வொரு நிமிசமும் சட்டப்படி குற்றம். எங்க ஊரில் எத்தனை வழக்கு? ஒன்றுமில்லை. கடைக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் மறுநாள் உப்புக்கு எங்கே போவது?

பழைய கதை என்று சொல்லிவிடலாம் என்றால் முடியவில்லை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து, 2006-ல் புத்தகமாக வந்த ஓர் ஆய்வு, நூற்றுக்கு 35-க்கும் மேற்பட்ட கிராமங்களில் தலித்துகளைக் கடைக்குள் விடுவதில்லை என்று சொன்னது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நாம் எல்லோருமே செல்போனில் பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசோடு கடைக்கு வருகிறார்கள். உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். என்னை உலுக்கியது அவருடைய குரல். கத்தவில்லை, திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி அனுப்புகிறார். அன்பான தொனி என்று நாம் சொல்வதெல்லாம் இருக்கிறது, மிட்டாய்தான் இல்லை. பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், வழக்கில் தொடர்புடைய ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 'கட்டுப்பாடு' என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். மிட்டாய்க் கடை வாசலில் கற்றுக்கொண்ட சொல்.

நம் மாவட்டத்தை விட்டுவிட வேண்டாம். 2024 பிப்ரவரியில் மொரப்பூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் கைதானார்கள். டீ கொடுக்காமல் இருந்தார்களா? இல்லை, கொடுத்தார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சூடாக டீ போட்டுக் கொடுத்தார்கள். அதை உபசாரம் என்றுகூட ஒருவர் எழுதிவிட முடியும். அதனால்தான் சொல்கிறேன், கொடுத்தார்களா என்று கேட்பது பாதிக் கேள்வி. எதில் கொடுத்தார்கள் என்பது மீதிக் கேள்வி. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டு நாசமாயின. அதற்கு முந்தின வாரம் வரை அந்த வட்டாரத்துக் கடைவீதிகளில் எத்தனை பேர் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பழகின முகம், தெரிந்த சிரிப்பு எதுவும் அன்றைக்குக் குறுக்கே வந்து நிற்கவில்லை.

இப்போது நண்பர் பழித்த சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறேன். பத்துப் பதினைந்து வருசம் முன்னால் எங்கம்மாவைத் தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டது. 'உள்ள வாம்மா' என்றேன். செருப்பைக் கழற்றப் போனது, வேண்டாம் என்றேன். உள்ளே போனதும் எங்கம்மா செய்த காரியம், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததுதான். பருப்பு, புளி, சோப்பு, கண்ணாடி டம்ளர். எடுத்து, மோந்து, திருப்பி வைத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வாங்கினது ஒரு சோப்புதான். கல்லாவில் இருந்த பெண் சிரிக்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை. பாக்கிச் சில்லறையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, 'அடுத்த ஆள் வாங்க' என்றது. வெளியே வந்து அம்மா சொன்னது: 'மரியாதையான புள்ளடா.'

நண்பருக்கு முகமற்ற யாவாரம். எங்கம்மாவுக்கு மரியாதை. ஒரே கல்லா.

இதற்காகச் சூப்பர் மார்க்கெட் விடுதலை தந்துவிட்டது என்று எழுதினால் நானும் பொய்யன். அந்தக் கல்லாவில் நாள் பூரா நின்ற பெண்கள் பலர் நம் பெண்கள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், கால் வீங்கின பெண் சிரிக்கிறாள். அதையும் நாம் அன்பு என்று எழுதிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு கடை. நாம் வாங்குகிறவர்களாகவே எவ்வளவு நாள் நிற்பது? சட்டம் நம்மைக் கடைக்குள் விட்டது. நாம் கடை வைத்தால் நம்மிடம் வாங்கு என்று தனி ஆள் யாரையும் எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. 2018-ல் அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்களே, இலவசச் சோற்றுக்கே அந்தக் கதி. காசு கொடுத்து வாங்க வருவார்களா?

எங்க சின்னம்மா சேரியில் கடை வைத்திருக்கிறது. மகளிர் குழுக் கடனில் வைத்தது. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களை முதலில் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். சின்னம்மா கடைக்கு ஊர்க்காரர்கள் வருவதில்லை. போன வருசம் ஒரு ராத்திரி நான் அங்கே இருந்தேன். மழை. ஊர்க் கடை சாத்திவிட்டார்கள். ஊர்ப் பக்கமிருந்து ஒரு பொம்பளை வந்து கூரைக்கு வெளியே நனைந்தபடி நின்றது. பையனுக்கு வயித்துப்போக்காம், குளுக்கோஸ் வேணுமாம். நாங்க நின்ன மாதிரியே அது நின்றது, காரணம் மட்டும் தலைகீழ். எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோசம். சின்னம்மா, 'நனையாத, உள்ள வா' என்றது. ஒரு நிமிசம் தயங்கி உள்ளே வந்தது. சின்னம்மா குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து அதன் கையில் வைத்தது. மேலே ரெண்டு பிஸ்கட்டையும் வைத்து, 'கொழந்தைக்குக் குடு' என்றது. நாலு ரூபாய் குறைந்தது. 'அப்புறம் குடு.'

அது போனதும் நான் சண்டை பிடித்தேன். பகலில் வருவாளா, உன் கையால் பகலில் வாங்குவாளா, அவளுக்கு என்ன கொசுறு என்று கேட்டேன். சின்னம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது. 'கடை வெச்சிருக்கேன்டா. வந்தவளுக்குக் குடுக்கணும். அதுக்காக நாலு ரூவாய விட்ருவேன்னு நெனைக்காத.' அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை. 6-ஆவது பிரிவை அது படித்ததில்லை.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பையனே வந்தான், பகலில். நாலு ரூபாயைப் பலகையில் வைக்கப் போனான். சின்னம்மா உள்ளங்கையை நீட்டி, 'கையில குடு கண்ணு' என்றது. பையன் திரும்பி ஊர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

இந்தக் கடையைப் பற்றி யாராவது எழுதி வாசித்தால் நானும் கை தட்டுவேன்.